ரொட்டி வேனுக்கு முன்னால்

லிஃப்ட் கீழே இறங்க ஆரம்பித்ததும் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்துகிறது. நான்காவது மாடியிலிருந்து அழுத்தியபடியே வருகிறார். லிஃப்ட் நின்று கதவு திறந்ததும் காலைத் தளர்த்திவிட்டு, நிறுத்தியது தான்தான் என்கிற நிறைவோடு வெளியே நடக்கிறார். கூட வந்தவர்கள் கவனிப்பதில்லை. கவனித்தாலும், பாவம், கால் மரத்துப்போச்சு போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தக் காலைப் பற்றி அவருடைய மனைவிக்குத்தான் முழுசாகத் தெரியும். சாப்பாட்டு மேஜைக்குக் கீழே விரித்த பாயில் அவர் உட்காரும் இடத்தில் மட்டும் ஓர் ஓட்டை. ஷூ வாங்கினால் வலது அடி முதலில் தேயும், இடது அப்படியே புதுசாக இருக்கும். தொலைக்காட்சியில் கார் விளம்பரம் வந்தால் சோபா அரை அடி பின்னால் போகும். பல் டாக்டரின் நாற்காலியைச் சாய்த்தபோது அவர் உதைத்த உதையில் டாக்டரின் டிரே பறந்தது. "வாயத் திறங்க, காலக் கட்டுங்க" என்றாராம் டாக்டர்.

விஷயம் இதுதான். மாஸ்டர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்தக் காரில் ஓட்டுகிறவர் பக்கம் ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் கற்றுக்கொடுக்கிறவர் காலடியில் இன்னொரு பிரேக். இருபது வருஷத்துக்கு மேலாக மாஸ்டர் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரான் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டும் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறார். ஸ்டியரிங் இல்லை, கியர் இல்லை, ஹாரன் இல்லை. பிரேக் ஒன்றுதான் அவருடைய சொத்து.

"பிரேக்குன்னா சும்மா இல்லங்க, அது மரியாதை. எதிர்ல வர்றவனுக்கு நாம குடுக்கற மரியாதை" என்பார். முதல் நாள் வகுப்பில் இதைச் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கையில் கொடுப்பார்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பெயர் அவர் மண்டையில் நிற்காது. அவரவர் செய்யும் தப்புதான் பெயர். அடிக்கடி வண்டியை அணைத்துவிடுகிறவர் 'கிளட்ச்'. பின்னால் பார்க்க வேண்டிய கண்ணாடியில் தலைமுடி பார்க்கும் பெண் 'கண்ணாடி'. வங்கி மேலாளர் ஒருவர், மரியாதைக்குரிய மனிதர், குடும்பத்தோடு கடைத்தெருவில் வந்துகொண்டிருந்தபோது, "என்ன ரிவர்ஸ், சௌக்கியமா?" என்று எதிர்ப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார் மாஸ்டர். மேலாளரின் மாமியார் அன்றைக்கெல்லாம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

மனைவிக்கும் ஒரு காலத்தில் அவர் கற்றுக்கொடுக்கத்தான் பார்த்தார். இரண்டாவது திருப்பத்திலேயே அந்த அம்மாள் காரை ஓரமாக நிறுத்தி, இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போய்விட்டார். அடுத்த மாதம் எதிர்க் கடை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினார். அவருக்குக் குழாய்த் தண்ணீர் கம்பெனியில் புகார் போன் எடுக்கிற வேலை. நாளெல்லாம் ஊர்ப் புகாரைக் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் யாருடைய புகாரையும் பதிவு செய்துகொள்வதில்லை. "ஆபீஸ் நேரத்துல போன் பண்ணுங்க" என்பார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மாஸ்டர் காலில் எப்படிச் சக்கரம் முளைத்தது என்று கேட்டால், அதுவும் தொழிலால் வந்த வினை. ஐந்தாவது தடவையில் டெஸ்ட் பாஸான ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்காரர் சந்தோஷம் தாங்காமல் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாஸ்டர் மடியில் வைத்தார். உள்ளே ஸ்கேட்டிங் ஷூ. அடியில் நாலு சக்கரம், ஒன்றன் பின் ஒன்றாக ஒரே வரிசையில். வேறு யாராவது என்றால் பேத்திக்கு ஆகும் என்று அலமாரியில் வைத்திருப்பார்கள். மாஸ்டர் அன்று சாயங்காலமே மாட்டிக்கொண்டு வராந்தாச் சுவரைப் பிடித்தபடி ஒரு நடை போனார். திரும்பி வரும்போது சுவரைப் பிடிக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் அவர் சொன்ன வார்த்தை இது: "இதுல பாரு, ஸ்டியரிங் எவன் கையிலயும் இல்ல."

அன்றிலிருந்து விடிகாலையில், சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால் லாரியில் சாமான் இறக்கும் சிமெண்டுத் தரையில், ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் ஹெல்மெட்டும் முழங்கால் கவசமுமாக வட்டம் போடுவதை பால் வண்டிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். திரும்பும்போதெல்லாம் கை காட்டுவார். இடது என்றால் இடது கை, வலது என்றால் வலது கை. பின்னால் ஒரு பூனைகூட வராது. ஆனாலும் காட்டுவார்.

அந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேட்டிங் மாரத்தான் நடக்கும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ரோட்டை அடைத்துவிட்டு ஓட விடுவார்கள். எல்லாருக்கும் பின்னால் ஒரு வேன் வரும். அதன் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அது உங்களை முந்திவிட்டால் உங்கள் பந்தயம் முடிந்தது. மரியாதையாக ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

மாஸ்டர் மூன்று வருஷம் ஓடினார். மூன்று வருஷமும் வேனில்தான் வந்து இறங்கினார்.

முதல் வருஷம் சிக்னலால் வந்த கேடு. ரோட்டை அடைத்தவர்கள் சிக்னலை அணைக்க மறந்துவிட்டார்கள். மாஸ்டர் ஒவ்வொரு சிவப்புக்கும் நின்றார். ஆளில்லாத முச்சந்தியில், ஹெல்மெட்டோடு, இரண்டு பக்கமும் பார்த்தபடி பச்சை விழக் காத்திருந்தவரை ஒரு போலீஸ்காரர், "போங்க சார், போங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். "நீங்க கை காட்டுங்க, போறேன். சும்மா வாயால சொன்னா எப்படி?" என்றார் மாஸ்டர். இரண்டாவது வருஷம், பாதையோரம் கோணலாக நிறுத்தியிருந்த ஒரு காரின் சொந்தக்காரரோடு நின்று பேசினார். அந்த ஆள் பேசி முடித்துக் காரை நேராக நிறுத்துவதற்குள் வேன் வந்துவிட்டது. மூன்றாவது வருஷம் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. சட்டைப் பொத்தான் முதல் சோற்றுக் கவளம் வரை மனைவிதான்.

கட்டுப் பிரித்த அன்று அந்த அம்மாள் தீர்ப்புச் சொன்னார்.

"இன்னும் ஒரே ஒரு வருஷம். முடிச்சிட்டு வந்தீங்கன்னா நீங்களே வெச்சிக்குங்க. மறுபடியும் வேன்ல வந்து இறங்கினீங்கன்னா அந்தச் சக்கரம் என் அண்ணன் பொண்ணுக்கு."

"அவ காலுக்கு இது பெருசா இருக்குமே."

"அவ காலப் பார்த்திருக்கீங்களா?"

மாஸ்டர் பார்த்திருக்கிறார். அண்ணன் மகள் வேறு வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்து, "மாமா, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு வெச்சிருக்கீங்கல்ல?" என்று அக்கறையாக விசாரித்தாள். ஒரு தடவை வர்ணம் மாற்றலாமா என்றுகூடக் கேட்டாள்.

நாலாவது வருஷம் பந்தயத்தன்று விடியும்போதே வானம் பொத்துக்கொண்டது.

ஸ்கேட்டிங் ஷூவுக்கு மழை ஆகாது. ஈரத் தரையில் சக்கரம் பிடி கொடுக்காது. ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும் இடமெல்லாம் சோப்புத் தடவின மாதிரி வழுக்கும். உதிர்ந்த இலை, சாக்கடை மூடி, எல்லாமே குழிபறிக்கிறவைதான். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்கள். மாஸ்டர் கிளம்பினார். மனைவி படுக்கையில் இருந்தபடியே, "வேன்ல வரும்போது சளி பிடிக்காம துடைச்சிக்குங்க" என்றார்.

தொடங்கும் இடத்தில் இருபது வயசுக்காரன் ஒருவன் மாஸ்டரின் வலது ஷூவைப் பார்த்துச் சிரித்தான். அதன் குதிகாலில் ஒரு ரப்பர்க் கட்டை. அதுதான் பிரேக். காலை முன்னால் நீட்டி விரலைத் தூக்கினால் கட்டை ரோட்டில் உரசும். பந்தயக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் ஓடுவார்கள்.

"கழட்டிருங்க அங்கிள். கனம்."

"பிரேக் இல்லாத வண்டியில நான் ஏறினதில்ல தம்பி. நீ இறங்கும்போது சொல்லு, எப்படி இருந்துச்சுன்னு."

விசில் அடித்ததும் எல்லாரும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு ரயில் மாதிரி கிளம்பினார்கள். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிப்பான், பின்னால் வருகிறவர்களுக்கு உழைப்பு மிச்சம். மாஸ்டர் அந்த ரயிலில் கடைசிப் பெட்டி. ஆனால் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் நடுவில் இன்னும் இரண்டு வண்டி நிற்கிற அளவு இடைவெளி விடுவார், மழை என்றால் நாலு வண்டி. ஆகவே ரயில் போய்விட்டது. காற்று முழுக்க அவர் நெஞ்சில்தான் மோதியது.

பத்தாவது கிலோமீட்டரில் அவர்தான் கடைசி என்பது உறுதியானது. எப்படியென்றால், முன்னால் ஈர ரோட்டில் மஞ்சள் வெளிச்சம் விட்டு விட்டு விழுந்தது. பின்னால் ஒரு வண்டி வந்துகொண்டிருக்கிறது. கூடவே சூடான பன் வாசனை.

"மாஸ்டர், நான்தான்" என்றது ஓர் ஒலிபெருக்கி.

மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடும்போது திரும்பக் கூடாது. குரல் போதும். "இண்டிகேட்டரா?" என்று கத்தினார்.

இண்டிகேட்டர் என்பது அவரிடம் கார் கற்றுக்கொண்ட ஒரு பேக்கரிக்காரப் பெண். திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டரை அணைக்காமலே அடுத்த தெரு வரை போவாள், அதனால் அந்தப் பெயர். இரண்டாவது டெஸ்டில் பாஸாகி, இப்போது பேக்கரியின் ரொட்டி வேனை அவள்தான் ஓட்டுகிறாள். பந்தயம் நடத்துகிறவர்கள் வழக்கமாக எடுக்கும் வேன் பழுதாகிவிட்டதால் பேக்கரி முதலாளி தன் வேனைக் கொடுத்திருந்தார். தெருவில் ரொட்டி வந்தாச்சு என்று அறிவிக்கிற ஒலிபெருக்கியும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

"இண்டிகேட்டர் எரியுது பாரு. அணை."

"ரெண்டு பக்கமும் எரியுது மாஸ்டர். கடைசி வண்டின்னா போட்டுட்டுதான் வரணுமாம்."

மாஸ்டர் யோசித்தார். "சரி. அப்பப் பரவால்ல."

"உள்ள சூடா இருக்கு. பன் இருக்கு. ஏறிக்கிறீங்களா?"

"எம் பொண்டாட்டி அனுப்பினாளா ஒன்ன?"

"யாரும் அனுப்பல. ஆனா ஒண்ணு சொல்லிடறேன் மாஸ்டர், உங்களுக்காக நான் மெதுவாப் போக முடியாது. கணக்கு இருக்கு. பக்கத்துல ஸ்டாப்வாட்ச்சோட ஒருத்தர் ஒக்காந்திருக்காரு."

"போகாத. மெதுவாப் போனீன்னா நானே எறங்கி வந்து திட்டுவேன்."

பக்கத்து சீட்டில் இருந்த ஸ்டாப்வாட்ச்காரர், வாயில் பன்னோடு, ஆமோதிக்கிற மாதிரி தலையை ஆட்டினார். வேனுக்குள் ஏற்கெனவே ஏறிவிட்ட நாலைந்து பேர் போர்வைக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மாஸ்டருக்குக் கை ஆட்டினார்கள். நனைந்த கோழிகளைக் கூடையில் வைத்த மாதிரி இருந்தார்கள். அவர்கள் முகத்தில் ரொட்டித் தூளும் நிம்மதியும் சரிபாதியாக ஒட்டியிருந்தன.

இப்படியே போனது. ஆற்றங்கரைச் சாலை, தொழிற்சாலை மதில், மூடிக் கிடந்த பள்ளிக்கூடம். மழை கொஞ்சம் ஓய்ந்தால் காற்று பிடித்துக்கொண்டது. காற்று ஓய்ந்தால் பன் வாசனை வந்தது. மூன்றில் பன் வாசனைதான் கொடுமை. முதுகுக்குப் பின்னால் அடுப்பை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிற கதை. சாக்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. சிவப்பு சிக்னல் வந்த இடங்களில் மாஸ்டர் நிற்கவில்லை, அதற்கென்று ஒரு வருஷமாக மனதைத் தயார் செய்திருந்தார். ஆனால் தாண்டும்போது, பெரியவர் எதிரில் கால் நீட்டிவிட்டவர் மாதிரி ஒரு கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். திருப்பங்களில் கை காட்டுவதை மட்டும் விட முடியவில்லை. "எனக்குத்தான் காட்டறாரு" என்று இண்டிகேட்டர் ஸ்டாப்வாட்ச்காரரிடம் பெருமையாகச் சொன்னாள்.

கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் நிலைமை மோசமானது. வேனின் மூக்கு மாஸ்டரின் முதுகுக்குக் கிட்டே வந்துவிட்டது. மஞ்சள் வெளிச்சம் இப்போது அவருக்கு முன்னால் விழவில்லை, அவர் மேலேயே விழுந்தது.

"காத்து பாரு, விடமாட்டேங்குது. ரோடும் சரியில்ல" என்று மாஸ்டர் கத்தினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் மாஸ்டர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

இண்டிகேட்டருக்குத்தான் ஏதோ உறுத்தியது. மேடு ஏறும்போதெல்லாம் மாஸ்டர் நன்றாகத்தான் ஏறினார், வேனை விட்டுக் கொஞ்சம் விலகிக்கூடப் போனார். இறக்கம் வந்தால்தான் பின்தங்கினார். ஊர் உலகத்தில் எல்லாரும் ஏற்றத்தில் திணறுவார்கள், இறக்கத்தில் பறப்பார்கள். இவருக்கு மட்டும் தலைகீழ். அவள் வைப்பரை வேகமாக்கிவிட்டு, ரயில் பாதைக்குக் கீழே போகும் சரிவில் அவருடைய கால்களையே பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்தது. உடனே கோபமும் வந்தது.

மைக்கை எடுத்தாள். "மாஸ்டர், வலது கால்."

"என்ன?"

"பிரேக்க மிதிக்கிறீங்க."

"நானா? நான் மிதிக்கல."

"மிதிக்கிறீங்க மாஸ்டர். சரிவு வந்ததும் கால் தானா முன்னாடி போகுது, வெரல் தூக்குது, கட்டை ரோட்ட உரசுது. எனக்குத் தெரியாதா அந்தக் கால?"

"ஈரத்துல பிரேக்கே பிடிக்காது. எப்படி உரசும்?"

"வண்டிய நிறுத்தற அளவுக்குப் பிடிக்காது. ஆள வேன்ல ஏத்தற அளவுக்குப் பிடிக்குது."

மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. இண்டிகேட்டருக்கோ மைக் கையில் இருந்தது, மனதில் நாலு வருஷத்துப் பாக்கி ஒன்றும் இருந்தது.

"மொத டெஸ்ட்ல நான் எதுக்கு ஃபெயிலானேன்னு தெரியுமா மாஸ்டர்?"

"இண்டிகேட்டர் அணைக்கல."

"அதுக்கில்ல. எதுக்க டிரம் வெச்சிருந்தாங்க, முன்னாடி நிறுத்தணும்னு. நான் பாட்டுக்கு ஒக்காந்திருந்தேன். வண்டி நின்னுடும்னு. உங்ககூட ஓட்டினப்ப எப்பவும் அதுவாதான நின்னுச்சு. நான் மிதிக்கறதுக்குள்ள நீங்க மிதிச்சிடுவீங்க. ரெண்டு மாசம், நான்தான் நல்லா பிரேக் போடறேன்னு நெனச்சிட்டிருந்தேன். அன்னிக்குப் பக்கத்துல ஆபீசர். அவரு சும்மா ஒக்காந்திருந்தாரு. டிரம் அவரு மடிக்கே வந்திருக்கும்."

அடைத்த ரோடு. இரண்டு பக்கமும் வீடுகள். ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நின்று கேட்டார். வேனுக்குள் போர்வைக்காரர்கள் குலுங்கினார்கள்.

இரண்டு மூன்று விளக்குக் கம்பங்கள் கடந்து போயின. பிறகு மாஸ்டரின் குரல் வந்தது. அதில் பழைய அதட்டல் இல்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேன். நீங்க எனக்கு இண்டிகேட்டர்னு பேர் வெச்சீங்க."

ஸ்டாப்வாட்ச்காரர் பன்னைக் கீழே வைத்தார். "கொஞ்சம் வேகம் கூட்டுங்கம்மா. கணக்குக்குப் பின்தங்கிட்டோம். மேம்பாலம் ஏறி எறங்கினதும் முந்திடுங்க."

மேம்பாலம் எதிரே தெரிந்தது. ஏறினால் ஒரு நீளச் சரிவு, அதற்குக் கீழே நேர் ரோடு, அதன் முடிவில் பந்தயக் கோடு. மாஸ்டர் ஏறினார். உச்சியில் ஆற்றுக் காற்று பக்கவாட்டில் தள்ளியது. கீழே சரிவு கறுப்பாக, பளபளவென்று, தண்ணீர் ஓடிக்கொண்டு கிடந்தது. போன வருஷம் மணிக்கட்டு போனது இதைவிடச் சின்னச் சரிவில்.

"சரி" என்றார் மாஸ்டர். "இப்ப என்ன பண்ணணும், சொல்லு."

இந்தக் கேள்வியை அவர் யாரிடமாவது கேட்டு இண்டிகேட்டர் பார்த்ததில்லை. மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே பிடித்தாள்.

"வலது காலப் பின்னாடி வைங்க மாஸ்டர். இடது முன்னாடி. பின்னாடி இருந்தா அதால மிதிக்க முடியாது."

"ஒனக்கு ஸ்கேட்டிங் தெரியுமா?"

"தெரியாது. உங்க கால்தான் தெரியும்."

மாஸ்டர் வலது காலைப் பின்னால் இழுத்தார். அது வரமாட்டேன் என்றது. இருபது வருஷ உத்தியோகம், ஒரு நாளில் ராஜினாமா செய்யுமா? முன்னால் வரத் துடித்தது. தொடை மேல் கையை வைத்து, பக்கத்து வீட்டு நாயைப் பிடிக்கிற மாதிரி அமுக்கிப் பிடித்துக்கொண்டார். முழங்காலை மடக்கிக் குனிந்தார். சரிவு அவரை எடுத்துக்கொண்டது.

அவர் வாய் மட்டும் சும்மா இல்லை. பதறுகிற மாணவர்களிடம் எப்போதும் சொல்வதையே தனக்குச் சொல்லிக்கொண்டார். "பதறாத. பக்கத்துல பார்க்காத, தூரத்துல பாரு. ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல." கடைசி வரி வாயில் வந்ததும், இங்கே யார் இருக்கிறார்கள் என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதை இரண்டாம் தடவை சொல்லவில்லை.

பாதிச் சரிவில் ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே வந்தது. ஈரக் கோட்டில் சக்கரம் பட்டால் ஆள் காலி. மாஸ்டர் இடப்பக்கம் சாய்ந்து லேன் மாறினார். கை காட்டவில்லை.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா?" என்று இண்டிகேட்டர் ஸ்டாப்வாட்ச்காரரின் தோளில் அடித்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பார்த்ததெல்லாம், வேன் முந்த வேண்டிய ஆள் அதை விட்டு விலகி விலகிப் போய்க்கொண்டிருப்பதைத்தான்.

"வேகத்தக் கூட்டுங்கன்னேன்."

"கணக்கு வேகத்துலதாங்க போறேன். அவருதான் போயிட்டாரு."

கீழே நேர் ரோட்டில் மாஸ்டர் வந்து இறங்கிய வேகம் அவரைப் பாதித் தூரம் கொண்டுபோய் விட்டது. மீதித் தூரத்தைத் தள்ளித் தள்ளிப் போனார். காற்றடைத்து வளைவு மாதிரி நிறுத்தியிருந்த பெரிய பலூன் வாசல் தூரத்தில் தெரிந்தது. தெரிந்ததே தவிர, நிற்கவில்லை. மழையில் இனி யார் வரப்போகிறார்கள் என்று காற்று மெஷினை அணைத்துவிட்டிருந்தார்கள். வாசல் மெல்ல மெல்ல முழங்கால் மடித்து உட்கார்ந்துகொண்டிருந்தது. துணியைச் சுருட்டக் காத்திருந்த இரண்டு பேர் மாஸ்டரைப் பார்த்துப் பதறினார்கள்.

"அண்ணே, ஒரு நிமிஷம், நில்லுங்க, திரும்ப ஊதிடறோம்."

நிற்பதாவது. மாஸ்டர் குனிந்தார், இன்னும் குனிந்தார், ஈரத் துணி ஹெல்மெட்டில் தேய்ந்து முதுகில் வழிந்தது. தரையில் விரித்திருந்த நேரத்தைப் பதிவு செய்யும் பாய் கீச்சென்றது. பிறகுதான் வேன் வந்தது. வந்து, அந்தத் துணிக்கு முன்னால் ஒழுங்காக நின்றது.

மாஸ்டர் நேராகப் புல்வெளிக்குள் போய், ஒரு குப்பைத் தொட்டியை உறவுக்காரரைப் போலக் கட்டிப்பிடித்து நின்றார். தலையைத் தூக்கினால் குடையோடு மனைவி. இன்னொரு கையில் பெரிய பை. அண்ணன் மகளுக்கு எதைக் கொண்டுபோகிற பை அது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நீ எப்ப வந்த?"

"அரை மணி நேரம் ஆச்சு. வேன்தான் மொதல்ல வரும்னு பார்த்துட்டிருந்தேன்."

"முடிச்சிட்டேன்."

"பார்த்தேன். துணிக்கு அடியில பூந்து வந்தீங்க."

"கணக்குல சேரும்ல?"

"என்னைக் கேட்டா? புகார் இருந்தா ஆபீஸ் நேரத்துல போன் பண்ணுங்க."

மாஸ்டர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். விரல்கள் விறைத்துப்போய் ஷூ வாரை அவிழ்க்க வெகு நேரம் ஆனது. அந்த அம்மாள் பக்கத்தில் நின்று அவர் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டை மட்டும் ஒரு தடவை குனிந்து உற்றுப் பார்த்தார். மாஸ்டர் ஒரு ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார், தண்ணீர் கொட்டியது. அடுத்ததையும் கவிழ்த்தார். இரண்டையும் சேர்த்துப் பக்கத்தில் வைத்தார். மழை மறுபடி வலுத்தது. சக்கரங்கள் மேல் துளிகள் விழுந்து தெறித்தன.

மனைவி காலிப் பையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கை மாற்றிக்கொள்கிறவர் மாதிரி குடையை மெதுவாக நகர்த்தினார். அது மாஸ்டரின் தலையைத் தாண்டிப் போய் ஷூக்களுக்கு மேல் நின்றது.

மழை மாஸ்டரின் வழுக்கையில் நேராக இறங்கியது. அவர் அண்ணாந்து குடையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஷூ ஒன்றைக் குடைக்குள் தள்ளிவிட்டு, அதற்கு இடம் போதாதென்று தான் இன்னும் கொஞ்சம் நகர்ந்து மழையில் உட்கார்ந்தார்.